ஈப்போ மலைகளில் குண்டு விழுந்த காலம்: தோட்டங்களுக்கு மேலே பறந்த விமானங்கள் என்ன செய்தன?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? இருந்தால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: "கம்யூனிஸ்ட் காலத்துல ஏரோப்ளேன் சத்தம் கேட்டிருக்கீங்களா?"

ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் வளர்ந்தவர்கள் என்றால், 'ஆமாம்' என்று சொல்ல நிறைய வாய்ப்பு இருக்கிறது.

இன்று ஈப்போ என்றதும் நமக்கு வெள்ளைக் காப்பியும், புந்தோங் கச்சான் பூத்தேயும், சுண்ணாம்புக் குன்றுகளும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் 1954 ஜூலையில் அந்தக் குன்றுகளுக்குக் கிழக்கே இருக்கும் காட்டில் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள் குண்டு போட்டன. அவற்றைத் தொடர்ந்து பாராசூட் வீரர்கள் மரங்களின் மேல் குதித்தார்கள். அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் 'டெர்மைட்'. தமிழில் சொன்னால், கரையான்.

நம் ஊர் வானத்தில் ஏன் குண்டுவீச்சு விமானங்கள் பறந்தன? அதில் பறந்தவர்கள் யார்? கீழே மரம் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்களுக்கு என்ன ஆனது? கடைசியில் அந்தக் குண்டுகளால் பலன் இருந்ததா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் வந்தது ஜப்பான் விமானம்

பேராக் மக்கள் முதன்முதலில் குண்டுச் சத்தம் கேட்டது 1941 டிசம்பரில். அந்த மாதம் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கிளந்தானின் கோத்தா பாருவில் கரையிறங்கியது. வடக்கே இருந்த பிரிட்டிஷ் விமானத் தளங்கள் சில நாள்களிலேயே கையை விட்டுப் போயின. ஆஸ்திரேலிய விமானப்படையின் 453ஆவது பிரிவு தன் பஃபலோ ரகப் போர் விமானங்களுடன் ஈப்போவுக்கு வந்தது. ஜப்பானிய விமானங்களின் வேகத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஈப்போ விமானத் தளமும் நகரமும் தாக்கப்பட்டன. டிசம்பர் முடிவதற்குள் ஈப்போ விழுந்தது.

அந்த நாள்களின் ஒரு விமானி இன்றும் பேராக்கில்தான் உறங்குகிறார். டிசம்பர் 9ஆம் தேதி பட்டர்வொர்த் தளத்திலிருந்து பிரிட்டிஷ் பிளென்ஹைம் விமானங்கள் கிளம்பத் தயாராக இருந்தபோது ஜப்பானியர் தாக்கினார்கள். அதற்குள் வானில் ஏறியிருந்தது ஒரே ஒரு விமானம். அதை ஓட்டிய ஆர்தர் ஸ்கார்ஃப் தனியாகவே தாய்லாந்தின் சிங்கோராவரை பறந்து குண்டு வீசினார். குண்டடிபட்ட உடம்போடு அலோர் ஸ்டார்வரை திரும்பி விமானத்தைத் தரையிறக்கினார். கூட வந்தவர்கள் பிழைத்தார்கள், அவர் மருத்துவமனையில் இறந்துபோனார். 1946இல் அவருக்கு விக்டோரியா கிராஸ் விருது அறிவிக்கப்பட்டது. அவருடைய கல்லறை தைப்பிங் போர் நினைவு மயானத்தில் இருக்கிறது. அதே மயானத்தில் இந்திய ராணுவ வீரர்கள் பலரும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தைப்பிங் ஏரிப் பூங்காவுக்குப் போகிறவர்கள் கொஞ்சம் தள்ளிப் போய் இதையும் பார்த்துவிட்டு வரலாம்.

1945இல் கதை தலைகீழாக மாறியது. இப்போது நேசநாடுகளின் விமானங்கள் வந்தன. அமெரிக்காவின் பி-29 விமானங்கள் கோலாலம்பூர் ரயில்வே பட்டறைகள்மேல் குண்டு போட்டன. மார்ச் மாதத் தாக்குதலில் பழைய சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி நொறுங்கியது. இன்றைய தேசிய அருங்காட்சியகம் நிற்பது அந்த இடத்தில்தான்.

பேராக் காட்டுக்குள் வேறு வகை விமானங்கள் வந்தன. பிரிட்டிஷ் ரகசியப் படையான 'ஃபோர்ஸ் 136'க்காகப் பறந்த லிபரேட்டர் விமானங்கள் அவை. ஜப்பானை எதிர்த்துக் காட்டில் இருந்த கெரில்லாக்களுக்குப் பாராசூட்டில் ஆயுதங்களை இறக்கிக் கொடுத்தன. அந்தக் கெரில்லாப் படையை நடத்தியது மலாயா கம்யூனிஸ்ட் கட்சி. பேராக்கில் பிரிட்டிஷாருக்கும் கெரில்லாக்களுக்கும் நடுவே தொடர்பாளராக இருந்தவர் சித்தியவானில் பிறந்த ஓர் இளைஞர், சின் பெங். போர் முடிந்ததும் பிரிட்டன் அவருக்கு விருதும் கொடுத்தது.

மூன்றே வருஷம். அதே காட்டில், அதே ஆள்கள்மேல், அதே பிரிட்டனின் விமானங்கள் குண்டு போடத் தொடங்கின.

1948 ஜூன் 16: சுங்கை சிப்புட்டில் என்ன நடந்தது?

அன்று காலை சுங்கை சிப்புட் பகுதியில், எல்ஃபில் தோட்டத்திலும் அதற்குப் பக்கத்துத் தோட்டத்திலும், மூன்று ஐரோப்பியத் துரைமார்களைக் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் அமலுக்கு வந்தது. அது முடிய 12 வருஷம் ஆனது.

இது போர்தான். ஆனால் அரசாங்கம் அதைப் 'போர்' என்று கூப்பிடவில்லை. ஏன்? போர் என்று அறிவித்தால் தோட்டங்களுக்கும் ஈயச் சுரங்கங்களுக்கும் லண்டன் காப்புறுதி நிறுவனங்கள் இழப்பீடு தராது என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். ரப்பரும் ஈயமும் அன்றைய பிரிட்டனுக்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்த பொருள்கள். இரண்டுமே பேராக்கில் குவிந்திருந்தன.

அடுத்த மாதமே, ஜூலை தொடக்கத்தில், ஸ்பிட்ஃபயர் விமானங்கள் பேராக் காட்டில் இருந்த ஒரு முகாமைத் தாக்கின. பிரிட்டிஷ் விமானப்படை இந்த நீண்ட நடவடிக்கைக்கு 'ஃபயர்டாக்' என்று பெயர் வைத்தது.

யார் பறந்தார்கள், எதில் பறந்தார்கள்?

ஆரம்பத்தில் பயன்பட்டவை இரண்டாம் உலகப் போரில் மிச்சமான விமானங்கள். பிரிட்டிஷ் விமானப்படையில் ஸ்பிட்ஃபயர் கடைசியாகத் தாக்குதலுக்குப் போனது மலாயாவில்தான், 1951 ஜனவரி 1ஆம் தேதி.

அடுத்து பிரிகேண்ட் என்ற விமானம் வந்தது. அதன் கதை கொஞ்சம் கொடுமை. வேகத்தைக் குறைக்கும் பிரேக் அமைப்பில் தோல் பாகங்கள் இருந்தன. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் அந்தத் தோல் உளுத்துப்போனது. கீழ்நோக்கிப் பாயும்போது ஒரு பக்கத்து பிரேக் மட்டும் விரிந்துகொள்ள, இறக்கையே பிய்ந்து விமானங்கள் விழுந்தன. எதிரி சுடாமலேயே விமானிகள் செத்தார்கள். 1953 தொடக்கத்தில் அந்த விமானத்தை மலாயாவிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

குண்டு வீசும் பெரிய வேலையைச் செய்தவை லிங்கன் விமானங்கள். ஜெர்மன் நகரங்கள்மேல் குண்டு போட்ட லங்காஸ்டர் விமானத்தின் தம்பி என்று சொல்லலாம். நான்கு எஞ்சின், சுமார் ஏழு பேர் குழு, 1,000 பவுண்டு குண்டுகள் 14 வரை. ஒரு குண்டே ஏறக்குறைய 450 கிலோ.

1950 ஜூலை முதல் 1958 ஜூலை வரை சிங்கப்பூரின் தெங்கா தளத்திலிருந்து லிங்கன்களை ஓட்டியது ஆஸ்திரேலிய விமானப்படையின் 1ஆவது பிரிவு. அந்த எட்டு வருஷத்தில் அது மட்டுமே சுமார் 3.3 கோடி பவுண்டு எடையுள்ள குண்டுகளைப் போட்டது. கிட்டத்தட்ட 15,000 டன்! மலாயாவில் விழுந்த குண்டுகளில் மிகப் பெரும் பகுதி இதுதான். பிரிட்டன், ஆஸ்திரேலியா தவிர நியூசிலாந்து விமானிகளும் பிற்பாடு சேர்ந்துகொண்டார்கள்.

மேலே இருந்து பார்த்தால் என்ன தெரியும்?

பச்சை. வெறும் பச்சை.

அதுதான் விமானிகளின் முதல் பிரச்சினை. பேராக் மழைக்காட்டில் உயரமான மரங்கள் 50, 60 மீட்டர் வரை போகும். கிளைகள் குடை மாதிரி மூடிக்கொள்ளும். கீழே நூறு பேர் சமைத்துக்கொண்டிருந்தாலும் மேலே ஒன்றும் தெரியாது.

அதனால் ஒரு தாக்குதல் இப்படித்தான் நடக்கும். முதலில் சரணடைந்த கெரில்லாவிடமிருந்தோ உளவாளியிடமிருந்தோ தகவல் வரும். புகைப்பட விமானம் அந்த இடத்தைப் படம் பிடிக்கும். காட்டுக்கு நடுவில் மரவள்ளியோ காய்கறியோ பயிரிட்ட சின்னத் திட்டு தெரிகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். அங்கே பொதுமக்கள் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, சின்ன விமானம் ஒன்று தாழப் பறந்து புகை அடையாளம் போடும். பின்னால் வரும் குண்டுவீச்சு விமானங்கள் அந்தப் புகையைக் குறிவைக்கும்.

காகிதத்தில் இது சுத்தமான ஏற்பாடு. நடைமுறையில் தகவல் வந்து சேர்வதற்குள் கெரில்லாக்கள் இடம் மாறியிருப்பார்கள். மலைமேல் மதியத்துக்குள் மேகம் மூடிவிடும். குண்டு மரக்கிளையில் பட்டு மேலேயே வெடித்துவிடும். இலக்கு தவறிய குண்டுகளால் பொதுமக்கள் உயிரிழந்த சம்பவங்களும் அந்த 12 வருஷத்தில் நடந்தன.

அடையாளப் புகை போடும் வேலையும் ஆபத்தானது. 1950 ஆகஸ்ட் 25ஆம் தேதி அப்படி ஒரு பணியில் இருந்த பிரிட்டிஷ் டக்கோட்டா விமானம் கிளந்தான் காட்டில் விழுந்தது. அதில் இருந்த 12 பேரும் இறந்தார்கள். அவர்களின் எச்சங்கள் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்டது 2008இல். 2012 மார்ச்சில்தான் கோலாலம்பூர் செராஸ் சாலை மயானத்தில் அடக்கம் நடந்தது. 61 வருஷம் கழித்து!

ஈப்போவுக்குக் கிழக்கே விழுந்த 'கரையான்'

மறுபடி 1954 ஜூலைக்கு வருவோம். டெர்மைட் நடவடிக்கையில் ஆஸ்திரேலியாவின் 5 லிங்கன்களும் பிரிட்டனின் 6 லிங்கன்களும் கலந்துகொண்டன. குண்டு விழுந்த பகுதிகளில் பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் பாராசூட்டில் குதித்தார்கள். பாராசூட் மரக்கிளையில் மாட்டிக்கொள்ளும், அங்கிருந்து கயிறு கட்டி இறங்க வேண்டும். இறங்கும்போதே கை கால் முறிந்தவர்கள் உண்டு.

பலன்? 181 முகாம்கள் அழிக்கப்பட்டன. கொல்லப்பட்ட கெரில்லாக்கள் 13 பேர்.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான முகாம்கள் காலி என்பது புரியும்.

வெற்றியான தாக்குதல்களும் இருந்தன. 1956இல் ஜொகூரின் குளுவாங் அருகே லிங்கன்களும் புதிய கான்பெர்ரா ஜெட் விமானங்களும் ஒரு முகாமைத் தாக்கி, கோ பெங் துவான் என்ற தளபதி உள்பட பத்துப் பேருக்கும் மேல் கொன்றன. இங்கே வித்தியாசம் குண்டில் இல்லை. முகாம் எங்கே இருக்கிறது என்ற தகவல் துல்லியமாக இருந்தது, அவ்வளவுதான்.

கீழே, லயத்தில் என்ன நடந்தது?

இது நம் வீட்டுக் கதை.

1950இல் ஹரோல்டு பிரிக்ஸ் என்ற ராணுவ அதிகாரி ஒரு திட்டம் போட்டார். காட்டோரம் சிதறி வாழ்ந்த சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், கம்பிவேலி போட்ட புதுக் கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். ஈப்போவைச் சுற்றியுள்ள பெர்ச்சாம், குனோங் ராபாட் எல்லாம் அப்படித்தான் வளர்ந்தன.

பள்ளிப் பாடப்புத்தகத்தில் புதுக் கிராமங்கள் வரும். அதிகம் பேசப்படாத இன்னொரு பாதி இருக்கிறது. தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சுமார் 6 லட்சம் பேர் வேலையிடத்திலேயே ஒன்றுதிரட்டப்பட்டார்கள். தள்ளித் தள்ளி இருந்த லயங்களை இடித்து, ஒரே இடத்தில் நெருக்கமாகக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டார்கள். இதில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம்.

விடிவதற்கு முன்னே பெரட்டுக் களத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்து, உளியும் வாளியும் எடுத்து நிரைக்குப் போவதுதான் தோட்டத்து வழக்கம். அவசரகாலத்தில் ஊரடங்கு முடிந்தால்தான் வாசல் திறக்கும். வாசலில் உடம்பைத் தடவிச் சோதனை செய்வார்கள், பெண்களுக்கும் விலக்கு இல்லை. பல இடங்களில் சாப்பாடு எடுத்துப் போகக் கூடாது. ஒரு பொட்டலம் சோறுகூடக் கெரில்லாவுக்குப் போய்விடும் என்ற பயம். கடையில் டின் உணவு வாங்கினால் அங்கேயே துளை போட்டுத்தான் கொடுப்பார்கள், பதுக்கி வைக்க முடியாதபடி. சில பகுதிகளில் அரிசியே கிடையாது. பொதுச் சமையற்கூடத்தில் வடித்த சோறு மட்டும்தான். 1958, 1959இல் ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நடந்த 'ஜிஞ்சர்' நடவடிக்கையின் மையமே இந்த உணவுத் தடைதான்.

இரண்டு பக்கமும் பயம். கெரில்லாவுக்கு உதவினால் போலீஸ் பிடிக்கும், உதவாவிட்டால் கெரில்லா விடமாட்டான். மரத்தின் பட்டையை வெட்டிப் போட்டு, தோட்டத்துச் சொத்தை அழித்து, கிராணி, கங்காணிமார்களைக் கொன்ற சம்பவங்களும் நடந்தன.

தமிழர்கள் வெறும் வேடிக்கை பார்த்தவர்கள் இல்லை. மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் அதற்கு முந்தைய நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுபக்கம் சிறப்புப் போலீசாகவும் தோட்டக் காவலராகவும் துப்பாக்கி ஏந்திய தமிழர்களும் உண்டு.

இன்னொன்று. உங்கள் பர்ஸில் இருக்கும் ஐ.சி.யை எடுத்துப் பாருங்கள். இந்த நாட்டில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அடையாள அட்டை என்ற ஏற்பாடு 1948இல், அவசரகாலச் சட்டத்தின் கீழ் தொடங்கியதுதான்.

விமானங்கள் குண்டு மட்டுமா போட்டன?

இல்லை. கோடிக்கணக்கான துண்டுப் பிரசுரங்களையும் போட்டன. 'சரணடைந்தால் சுடமாட்டோம்' என்று உறுதி சொல்லும் பாதுகாப்பு அனுமதிச் சீட்டுகளில் சீனம், மலாய், ஆங்கிலத்தோடு தமிழும் இருந்தது. 1952 கடைசியிலிருந்து ஒலிபெருக்கி பொருத்திய 'குரல் விமானங்கள்' காட்டுக்கு மேலே மெதுவாக வட்டமிட்டன. கெரில்லாவின் பெயரையே சொல்லிக் கூப்பிட்டன. குண்டுக்குப் பயப்படாதவர்கள் பலர் இந்தக் குரலுக்கு இறங்கி வந்தார்கள்.

ரசாயனமும் தெளிக்கப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் சாலையோரப் புதர்கள்மேலும், காட்டுக்குள் இருந்த கெரில்லாப் பயிர்கள்மேலும் களைக்கொல்லி அடித்தார்கள். பின்னாளில் வியட்நாமில் அமெரிக்கா இதையே மிகப் பெரிய அளவில் செய்தபோது, மலாயாவை முன்னுதாரணமாகக் காட்டியது.

உயிர் காத்த விமானங்களும் இருந்தன. 1950இல் வந்த முதல் ஹெலிகாப்டர்கள் காயம்பட்டவர்களைக் காட்டிலிருந்து தூக்கிவந்தன. சின்ன ஓடுபாதையில் இறங்கக்கூடிய பயோனியர் விமானங்கள் மேல் பேராக்கின் கெமார் போன்ற காட்டுக் கோட்டைகளுக்கு மருந்தும் அரிசியும் கொண்டுபோயின.

இதில் அதிகம் இழந்தவர்கள் ஓராங் அஸ்லி மக்கள். அது அவர்களின் காடு. மேலே இருந்து பார்க்கும் விமானிக்கு அவர்கள் பயிரிட்ட திட்டும் கெரில்லா பயிரிட்ட திட்டும் ஒரே மாதிரிதான் தெரியும். முதல் சில வருஷங்களில் அவர்களைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவந்து முகாம்களில் வைத்தார்கள். நோயாலும், பழகாத சாப்பாட்டாலும், வெப்பத்தாலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசாங்கம் கொள்கையை மாற்றி, காட்டுக்குள்ளேயே கோட்டைகள் கட்டியது.

அப்படியென்றால் குண்டுவீச்சு பலன் தந்ததா?

வரலாற்று ஆய்வாளர்கள் இதில் ஒருமித்த கருத்தில் இல்லை.

ஒரு தரப்பு சொல்வது: 15,000 டன் குண்டு போட்டும் நேரடியாகக் கொல்லப்பட்டதாக உறுதியானவர்கள் மிகச் சிலரே. இவ்வளவு செலவுக்கு இது நியாயமா?

இன்னொரு தரப்பு சொல்வது: ஆளைக் கொல்வது மட்டும் நோக்கம் இல்லை. கெரில்லாக்களை ஒரே இடத்தில் இருக்கவிடாமல் விரட்டுவது, தூக்கத்தைக் கெடுப்பது, தரைப்படை காத்திருக்கும் பக்கம் தள்ளுவது என்பதும் நோக்கம்தான்.

ஒன்றில் மட்டும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. போரை முடித்தது குண்டு அல்ல. உணவுத் தடை, உளவுத் தகவல், சரணடைந்தவர்களை நடத்திய விதம், 1957இல் கிடைத்த சுதந்திரம் ஆகியவை சேர்ந்துதான் முடித்தன. வெள்ளைக்காரன் போன பிறகு யாரை எதிர்த்துப் போராடுவது என்ற கேள்வி காட்டுக்குள்ளேயே எழுந்தது. 1960 ஜூலை 31ஆம் தேதி அவசரகாலம் முடிவுக்கு வந்தது. அதற்குள் சுமார் 6,700 கெரில்லாக்களும், 1,800க்கும் மேற்பட்ட பாதுகாப்புப் படையினரும், கிட்டத்தட்ட 2,500 பொதுமக்களும் உயிரிழந்திருந்தார்கள்.

இப்போது நீங்கள் என்ன செய்யலாம்?

ஒரு நிஜமான எச்சரிக்கை முதலில். பழைய போர்க்காலக் குண்டுகள் கட்டுமான இடங்களிலும் ஆற்றோரங்களிலும் மலேசியாவில் இன்றும் அவ்வப்போது கண்டெடுக்கப்படுகின்றன. துருப்பிடித்த உலோக உருளை எதையாவது பார்த்தால் தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், செல்ஃபி எடுக்கக் கிட்டே போகாதீர்கள். தள்ளி நின்று 999க்கு அழையுங்கள்.

இரண்டாவது, நேரம் சம்பந்தப்பட்டது. விமானி எத்தனை மணிக்குக் கிளம்பினார், எத்தனை குண்டு போட்டார், எப்போது திரும்பினார் என்பதெல்லாம் ஒவ்வொரு படைப்பிரிவின் நாட்குறிப்பிலும் இருக்கிறது. பிரிட்டிஷ் படைப்பிரிவுகளின் நாட்குறிப்புகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அன்று அந்தச் சத்தத்தைக் கேட்டு லயத்தில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்த குழந்தைக்கு அப்படி எந்த நாட்குறிப்பும் இல்லை. 1954இல் 8 வயதாக இருந்தவர் இன்று 80ஐ நெருங்கியோ தாண்டியோ இருப்பார். அந்தத் தோட்டங்களில் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. சிலவற்றுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை.

உங்கள் கைபேசியில் குரல் பதிவு வசதி இருக்கிறது. அடுத்த முறை ஈப்போவுக்கோ சுங்கை சிப்புட்டுக்கோ 'பாலிக்' போகும்போது, பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து அதை அழுத்துங்கள். தோட்டத்தின் பெயர், லயம் இருந்த இடம், கம்பிவேலி எங்கே ஓடியது, வாசலில் யார் சோதனை செய்தார்கள், விமானம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கேளுங்கள். அவர் தமிழில் சொல்வதை அப்படியே பதிவு செய்யுங்கள். மேலே பறந்தவர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். கீழே இருந்தவர்கள் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.